சர்க்கார் விற்கும் தலைவிதி

சர்க்கார் கஜானாவில் பணம் போதவில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம், லாட்டரியைத் திரும்பக் கொண்டு வந்தால் என்ன என்கிற யோசனையும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்க்கிறோம். 2021-ஆம் வருஷத்தில் இப்படி ஒரு பேச்சுக் கிளம்பிற்று. எதிர்க்கட்சித் தலைவராயிருந்த எடப்பாடி பழனிசாமி அவர்கள் அதைக் கண்டித்து அறிக்கை விட்டார். அப்போது நிதி மந்திரியாயிருந்த நம் மதுரைக்காரர் பழனிவேல் தியாகராஜன் அவர்கள், அப்படியோர் எண்ணமே சர்க்காருக்கு இல்லை என்று மறுத்தார். மறுத்தது மெத்தச் சரி. ஆனால் 2025 மார்ச்சு முடிவில் 8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய கடனைச் சுமக்கிற ஒரு ராஜ்யத்தில், பக்கத்துக் கேரளம் சீட்டு விற்றுச் சம்பாதிப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எந்த மந்திரிக்கும் இந்த ஆசை ஒருநாள் வரத்தான் வரும். ஆகவே, அது வருமுன்னே நமதபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் நம் வீட்டு அழுக்கைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் சர்க்கார் லாட்டரியை 1968-இல் ஆரம்பித்தவர் வேறு யாருமல்ல, தோழர் அண்ணாதுரை அவர்களேயாவார். ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்பது அதற்கு வைத்த விளம்பரம். அதற்கு முந்தின வருஷம் கேரளத்தில் லாட்டரி இலாகா ஏற்படுத்தியதோ, கம்யூனிஸ்டுகள் தலைமையில் இருந்த சர்க்கார். விதி என்பது புரட்டு என்று மேடையேறி முழங்கியவர்கள் ஒரு பக்கம், உழைப்பே செல்வம் என்று சொன்னவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் குலுக்கல் பெட்டியைத் தூக்கினார்கள் என்றால், பணமுடை எப்பேர்ப்பட்ட கொள்கையையும் மறக்கச் செய்துவிடும் என்பது விளங்கவில்லையா? அந்த விளம்பரத்தின் பின்பாதியும் நாணயமானதல்ல. விழாத சீட்டின் காசு அப்படியே நாட்டுக்குப் போய்விடுகிறதா? அதிலேதான் பிறத்தியாருக்கு விழுந்த பரிசு, ஏஜெண்டு கமிஷன், அச்சுக் கூலி, விளம்பரச் செலவு எல்லாம் கழிய வேண்டும். மீந்ததுதான் நாட்டுக்கு.

அதிர்ஷ்டம் என்ற வார்த்தைக்கே வடமொழியில் கண்ணுக்குத் தெரியாதது என்பதுதான் பொருள். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிக் காசு பறிப்பவனுக்கு நாம் இதுவரை புரோகிதன் என்று பெயர் வைத்திருந்தோம். அந்த வேலையைச் சர்க்கார் செய்தால் அதற்குப் பெயர் என்ன?

மதுரைப் பேருந்து நிலையத்தைச் சுற்றி லாட்டரிக் கடைகள் இருந்த காலம் நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரியார் பெயர் கொண்ட அந்த இடத்திலேயே ‘நாளைய லட்சாதிபதி’யைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தார்கள்! நம் தகப்பனாரும் வாரம் தவறாமல் வாங்கினார். வாங்கி வந்த சீட்டைப் பிள்ளையார் படத்தின் பின்னால் செருகி, குங்குமம் வைப்பார். குலுக்கல் முடிந்ததும் பத்திரிகையில் எண்ணைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் யாரோடும் பேசமாட்டார். வேலைத்திறம் குறைவு என்றோ, கூலி குறைவு என்றோ அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ‘நம்ம ராசி அப்படி’ என்றே சொன்னார். கூலியைக் குறைத்துக் கொடுத்த முதலாளிக்கு இதைவிடச் சௌகரியமான பதில் கிடைக்குமா? அவர் காலமான பிறகு தகரப்பெட்டியில் கட்டுக்கட்டாய்ச் சீட்டுகள் இருந்தன. எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை.

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 12 வரிசைகள், வரிசைக்கு 9 லட்சம் எண்கள் வீதம் ஒரு குலுக்கலுக்கு 1 கோடியே 8 லட்சம் சீட்டு அச்சடிப்பதாக வைத்துக்கொள்வோம். முதற்பரிசு ஒன்று. ஒருவர் தினந்தோறும் ஒரு சீட்டு வாங்கினால், சராசரியாக ஒரு முறை முதற்பரிசு விழ 29,500 வருஷத்துக்கு மேலாகும். நமக்குப் பக்கத்திலிருக்கிற கீழடியின் பழமை 2,600 வருஷம் என்கிறார்கள். அந்தக் கீழடிக்காரர் அன்றைக்கே தினமொரு சீட்டாக வாங்க ஆரம்பித்திருந்தாலும், இன்றைக்கு இந்தக் கணக்கில் பத்திலொரு பங்குகூட முடிந்திருக்காது! பொங்கலன்று அவனியாபுரம் வாடிவாசலில் மாடு பிடிக்கிறவனுக்குக் கார் பரிசு கொடுக்கிறார்கள். அதைப்பற்றி நமக்கு வேறு அபிப்பிராயம் உண்டு, அது நிற்க. அவனாவது திமிலைப் பிடித்துத் தொங்குகிறான். சீட்டு வாங்கியவன் எதைப் பிடித்துத் தொங்குகிறான்?

சட்டத்தின் யோக்கியதையும் வேடிக்கையானதுதான். வெள்ளைக்காரன் 1870-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 294-ஏ பிரிவு, லாட்டரி ஆபீஸ் வைப்பவனைக் குற்றவாளி என்றது. சர்க்கார் லாட்டரிக்கும் சர்க்கார் அனுமதித்த லாட்டரிக்கும் மட்டும் விலக்கு. 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த புதிய சட்டத்திலும் 297-ஆம் பிரிவாக அதுவே உட்கார்ந்திருக்கிறது. சர்க்கார் நடத்துவதால் லாட்டரி சூதாட்டமல்லாமல் போய்விடாது என்று சுப்ரீம் கோர்ட்டே 1999-இல் சொல்லிவிட்டது. முனியாண்டி நடத்தினால் ஜெயில், மந்திரி நடத்தினால் திட்டம் என்பது என்ன நியாயமோ, நமக்கு விளங்கவில்லை.

ஆனால் லாட்டரி வேண்டும் என்கிறவர்கள் சொல்லும் ஒரு விஷயத்தை நாம் தட்டிவிடக் கூடாது. ஜெயலலிதா அம்மையார் சர்க்கார் 2003 ஜனவரியில் எல்லா லாட்டரியையும் தடுத்தது. சூது ஒழிந்ததா? ஒழியவில்லை. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணை ஊகித்துப் பணம் கட்டுகிற ‘மூணு நம்பர்’ ஆட்டம் டீக்கடைக்கு டீக்கடை செல்போனில் நடக்கிறது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் இதில் மூழ்கிய ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பத்தில், மூன்று பெண்குழந்தைகள் உட்பட அய்ந்து உயிர்கள் போயின. திருட்டுத்தனமாய் நடப்பதைவிடச் சர்க்காரே ஒழுங்காய் நடத்தினால் இது நிற்காதா என்று கேட்கிறார்கள்.

இதே வாதத்தை நாம் முன்னமே ஒரு முறை கேட்டிருக்கிறோம். லாட்டரியை மூடிய அதே 2003-ஆம் வருஷம் நவம்பரில்தான், மதுச் சில்லறைக் கடைகளை டாஸ்மாக் கையில் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஒரு கதவைச் சாத்திவிட்டு இன்னொரு கதவைத் திறந்தார்கள். கள்ளச்சாராயம் நின்றதா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். சர்க்கார் கடையில் வாங்கக் காசில்லாதவன் மலிவான திருட்டுக் கடைக்குத்தான் போவான். சீட்டிலும் அப்படியே ஆகும். மூணு நம்பர் ஆட்டமே கேரள சர்க்காரின் குலுக்கலை வைத்துத்தானே நடக்கிறது? நாமும் ஒரு குலுக்கல் நடத்தினால், திருடனுக்கு இன்னொரு எண் தருகிறோம். அவ்வளவே.

கேரளத்தில் ‘காருண்யா’ லாட்டரிப் பணம் ஏழை நோயாளிகளின் வைத்தியத்துக்குப் போகிறதே என்பார்கள். போவது உண்மைதான், குறை சொல்ல மாட்டோம். அங்கே அங்கஹீனர் பலர் சீட்டு விற்றுப் பிழைப்பதும் உண்மை. ஆனால் ஏழையின் நோய்க்கு ஏழையிடமே, அதுவும் அவனுடைய ஏக்கத்தைக் கிளறிவிட்டு வசூலிப்பதா தர்மம்? பங்களாக்காரனிடமும் மில் முதலாளியிடமும் நேராக வரி கேட்கத் துணிச்சலில்லாதவர்களே இப்படிச் சுற்று வழியில் போகிறார்கள்.

துணிச்சல் ஏன் இல்லை என்பதற்கும் தடயம் உண்டு. தேர்தல் பத்திரக் கணக்கைத் தேர்தல் கமிஷன் 2024 மார்ச்சில் வெளியிட்டபோது, இந்தியாவிலேயே அதிகத் தொகைக்குப் பத்திரம் வாங்கியது ஒரு லாட்டரிக் கம்பெனி என்று தெரிந்தது. ஃபியூச்சர் கேமிங் என்ற அந்தக் கம்பெனி வாங்கியது 1,368 கோடி ரூபாய்க்கு. அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு வந்ததாக அக்கட்சி தந்த கணக்கிலேயே இருக்கிறது. வாங்கியது வேண்டியவர்களாய் இருந்தாலும் கேட்கிறோம், லாட்டரி வேண்டாம் என்று இனி உரக்கச் சொல்ல அவர்களுக்கு வாய் வருமா? இதில் பெருமை பேசிக்கொள்ள மற்றக் கட்சிக்காரர்களுக்கும் இடமில்லை. அந்தக் கம்பெனியிடம் வாங்கியவர்கள் பல கட்சியிலும் இருக்கிறார்கள்.

சென்ற மாதம் விமான நிலைய ரோட்டு டீக்கடையில், மூணு நம்பருக்குப் பணம் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு கொத்தனாரிடம் மேற்படி கணக்கையெல்லாம் சொன்னோம். பொறுமையாய்க் கேட்டார். “அய்யா, நீங்க சொல்றது கணக்குக்குச் சரி. ஊரெல்லாம் வீடு கட்டுறேன். எனக்கு இதே அவனியாபுரத்துல ஒண்ணரை சென்ட் இடம் வாங்க எத்தனை வருசம் ஆகும்னு, அதே கணக்குல சொல்லுங்க” என்றார். அவர் மாதம் மிச்சம் பிடிக்கும் தொகையையும் இங்கே சென்ட் விற்கிற விலையையும் வைத்துக் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். அவருக்கு வயது நூறு தாண்டிற்று. அவர் சிரித்தார், நாம் சிரிக்கவில்லை.

போலீசார் டீக்கடையில் எண் எழுதும் பையனைப் பிடித்துக் கணக்குக் காட்டுவதை நிறுத்தி, பணம் போய்ச்சேரும் இடத்தைப் பிடிக்கட்டும். மந்திரிகள் அந்தக் கொத்தனாருடைய கணக்குக்கு விடை தேடட்டும். அதை விட்டுவிட்டு அவரிடமே சீட்டு விற்க எந்தக் கட்சியின் சர்க்கார் வந்தாலும், அதே டீக்கடை வாசலில் நின்று அந்த 1 கோடியே 8 லட்சத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்போம்.