முதலில் காலடி, பிறகு கம்பு

விண்வெளியில் கப்பல் ஓட்டிச் சண்டை போடும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றி ஒரு கருத்து ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். விளையாட்டுப் பக்கமே போகாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். கடைசியில் படிப்பு, பரீட்சை என்றுதான் போய் முடியும் :-)

கருத்து இதுதான். இந்த விளையாட்டுகளில் புதிதாகச் சண்டை பழகுகிறவர்கள் முதல் ஒரு வாரம் துப்பாக்கியைத் தொடவே கூடாது. சுடத் தெரியாததால் யாரும் தோற்பதில்லை. ஓட்டத் தெரியாததால்தான் தோற்கிறார்கள்.

நான் ஆடுவது எலைட் டேஞ்சரஸ். 2014 டிசம்பரில் வெளியானது. நம் பால்வீதியைப் போலவே சுமார் 40,000 கோடி நட்சத்திரங்கள் உள்ளே இருக்கின்றன. தொடங்கும்போது சைட்வைண்டர் என்ற சின்னக் கப்பலை இலவசமாகக் கையில் கொடுத்து, போய்ப் பிழைத்துக்கொள் என்று விட்டுவிடுவார்கள். வியாபாரம் செய்யலாம், ஊர் சுற்றலாம், கொள்ளைக்காரர்களைச் சுட்டு வீழ்த்திப் பரிசுப் பணம் வாங்கலாம். எனக்கு மூன்றாவதில்தான் ஆசை.

முதல் நாள் சாயங்காலமே ஐந்து முறை செத்தேன். எதிரியைப் பார்த்ததும் முழு வேகத்தில் பாய்வேன். அவனைத் தாண்டிப் போய்விடுவேன். திரும்புவேன், அவன் இருக்க மாட்டான். ராடாரில் எனக்குப் பின்னால் ஒரு புள்ளியாக இருப்பான். மறுபடி திரும்புவேன். செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்து, எவன் சுடுகிறான் என்று தெரியாமலே வெடித்துச் சிதறுவேன்.

ஹாஸ்டல் நண்பனிடம் புலம்பினேன். "மச்சி, உன் கன்னு சரியில்லடா. நல்லதா மாட்டு" என்றான். இருந்த காசையெல்லாம் போட்டு விலை உயர்ந்த துப்பாக்கிகளை மாட்டினேன். மறுபடியும் செத்தேன். இந்த விளையாட்டில் கப்பல் அழிந்தால் அதன் மொத்த விலையில் 5 சதவீதம் கட்டி அதையே திரும்ப வாங்கலாம். துப்பாக்கி விலை ஏறினால் இந்த 5 சதவீதமும் ஏறும். ஆக, நண்பன் சொன்னபடி செய்ததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம், சாவதற்கு அதிகச் செலவானதுதான்.

ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்று நினைத்தபோதுதான் சின்ன வயதில் சிலம்பம் பழகப் போனது ஞாபகம் வந்தது. ஊரில் ஒரு மாமா சொல்லிக்கொடுப்பார். கம்பு சுழற்றும் ஆசையில் போன எங்களை நாள் கணக்கில் வெறுங்கையோடு காலடி போட வைத்தார். முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, திரும்பி ஒன்று. கம்பு எப்போ தருவீங்க என்று கேட்டால், "கம்பு எங்கயும் ஓடிப் போயிடாது தம்பி. கால மொதல்ல பழக்கு" என்பார். நான் பத்தே நாளில் நின்றுவிட்டேன். காலடியை முடித்தவர்கள் பிறகு கம்பை எடுத்தபோது அடி படாமல் ஆடினார்கள். அவர்கள் கை வேகமாக இருந்ததால் அல்ல, அடி விழும் இடத்தில் அவர்கள் நிற்காததால்.

சரி, இங்கேயும் காலடியைப் பழகலாம் என்று துப்பாக்கிகளை மடக்கி வைத்துவிட்டு, பெரிய பாறைகளைச் சுற்றி வெறுமனே ஓட்டினேன். அப்போதுதான் முதல் நாளிலிருந்து கண் முன்னால் இருந்த ஒன்று கண்ணில் பட்டது. வேகம் காட்டும் கோட்டின் நடுவில் நீல நிறத்தில் ஒரு பகுதி இருக்கிறது. வேகம் அதற்குள் இருக்கும்போதுதான் கப்பல் மிக விரைவாகத் திரும்பும். முழு வேகத்தில் போனால் திரும்பும் வட்டம் பெரிதாகிவிடும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அரவை சீசனில் சேத்தியாத்தோப்பு ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு வரும் ட்ராக்டர்களைப் பார்த்தாலே போதும். அனுபவப்பட்ட டிரைவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவார். வளைவுக்குள் வந்தபிறகு குறைக்க நினைப்பவர் கரும்பைச் சாலையில் கொட்டுவார். நிஜப் போர் விமானங்களுக்கும் இப்படி ஒரு வேகம் உண்டு. அதைவிட மெதுவாகப் போனால் திரும்பத் தேவையான தூக்குவிசை கிடைக்காது. அதைவிட வேகமாகப் போனால் வட்டம் பெரிதாகும்.

காலடியில் இரண்டாவது, சக்தியைப் பங்கிடுவது. கேடயம், இன்ஜின், ஆயுதம் மூன்றுக்கும் சேர்த்து மொத்தம் 6 பங்கு மின்சாரம். ஒன்றுக்கு அதிகபட்சம் 4 வைக்கலாம். இன்வெர்ட்டரில் ஓடும் வீடு மாதிரி, ஒன்றுக்குக் கூட்டினால் இன்னொன்றுக்குக் குறையும். துரத்தும்போது இன்ஜினுக்கு, சுடும்போது ஆயுதத்துக்கு, அடி வாங்கும்போது கேடயத்துக்கு என்று சண்டை நடக்கும்போதே மாற்ற வேண்டும். நான் முதல் நாள் முழுக்க ஆயுதத்துக்கே 4 வைத்திருந்தேன். கேடயம் ஏன் அப்பளமாக உடைந்தது என்று இப்போது புரிகிறது.

மூன்றாவது விஷயம்தான் என்னை வெட்கப்பட வைத்தது. இந்தக் கப்பல்களில் ஃப்ளைட் அசிஸ்ட் என்று ஒரு உதவி உண்டு. கப்பல் கிட்டத்தட்ட விமானம் மாதிரி, மூக்கு பார்க்கும் திசையிலேயே போகும்படி அது பார்த்துக்கொள்ளும். அதை ஒரு பொத்தானில் அணைத்துவிடலாம். அணைத்தால் கப்பல் முன்பு எந்தத் திசையில் போனதோ அதிலேயே போய்க்கொண்டிருக்கும். மூக்கை எங்கே திருப்பினாலும் சரி. முன்னால் போய்க்கொண்டே பின்னால் திரும்பி, துரத்துகிறவனை நேருக்கு நேர் பார்க்கலாம். நிற்க வேண்டும் என்றால் எதிர்த்திசையில் விசை கொடுத்தாக வேண்டும். முதல் முறை அணைத்தபோது பாறையில் போய் மோதினேன். இரண்டாவது முறையும் மோதினேன்.

ஒரு பொருள் வெளிவிசை செயல்படாதவரை தன் நிலையை மாற்றாது. நியூட்டனின் முதல் விதி. பள்ளியில் இதை ஒரு எழுத்து பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். வடலூரிலிருந்து சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோடு வரை பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து, ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் நிற்பவர் மேல் விழுந்தவனும் நான்தான். அந்த வரியும் இந்த விழுதலும் ஒன்று என்று, பாறையில் மோதிய பிறகுதான் உறைத்தது. மதிப்பெண் பட்டியலில் இருந்த விதி அன்றைக்குத்தான் கைக்கு வந்தது.

இந்த இழுபறி விளையாட்டு செய்கிறவர்களுக்கும் இருந்திருக்கிறது. 1962-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் செய்த ஸ்பேஸ்வார் விளையாட்டிலேயே கப்பல்கள் நியூட்டன் விதிப்படிதான் மிதந்தன. நடுவில் இருந்த நட்சத்திரம் வேறு இழுக்கும். 1984-ல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதிய முதல் எலைட்டில் கப்பல்கள் ஏறக்குறைய விமானம் போலப் பறந்தன. 1993-ல் வந்த அடுத்த பாகம் முழுக்க நியூட்டன் பக்கம் சாய்ந்தது. சண்டை என்பது இரண்டு பேரும் படுவேகத்தில் ஒருவரையொருவர் கடந்து போவதாகிவிட்டது என்று பலர் குறைப்பட்டார்கள். அதனால்தான் இப்போதைய விளையாட்டில் வேகத்துக்கு ஒரு உச்சவரம்பு, கூடவே அணைத்துவைக்கக்கூடிய ஒரு உதவி. இது நல்ல சமரசம் என்றே நினைக்கிறேன். உதவியோடு தொடங்கலாம். ஆனால் தினமும் பத்து நிமிடம் அதை அணைத்துப் பழக வேண்டும். இல்லாவிட்டால் அந்த உதவி கடைசிவரை ஊன்றுகோலாகவே இருந்துவிடும்.

நிஜ வானத்திலும் வரிசை இதுதான். முதல் உலகப்போரில் ஜெர்மனியின் ஆஸ்வால்ட் போல்கே 1916-ல் தன் விமானிகளுக்காக வகுத்த விதிகளில் முதலாவது, தாக்கும் முன் சாதகமான இடத்தைப் பிடி என்பதுதான். நம் விமானப்படையிலும் புதியவர்களை நேரே போர் விமானத்தில் ஏற்றுவதில்லை. முதலில் பிலாட்டஸ் போன்ற பயிற்சி விமானத்தில் ஏறுவது, இறங்குவது, திரும்புவது. போர் விமானத்துக்குப் போகிறவர்களுக்கு அடுத்து ஹாக் ஜெட். அதன் பிறகுதான் மற்றதெல்லாம். கற்றுக்கொடுப்பதையே ஒரு தனிப் பாடமாக விமானிகளுக்குச் சொல்லித்தரும் பள்ளி ஒன்று 1954 முதல் நம் தாம்பரத்தில் இருக்கிறது. அடிப்படைக்கு அவ்வளவு மரியாதை.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசத்தை மறக்கக்கூடாது. கோவை அருகே சூலூரில் 2020 மே மாதம் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் உருவான 18-வது ஸ்குவாட்ரனுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1971 டிசம்பர் 14-ல் ஸ்ரீநகர் விமானதளத்தை ஆறு சேபர் விமானங்கள் தாக்கியபோது, குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்து சின்னஞ்சிறு நாட் விமானத்தில் மேலெழும்பிப் போரிட்டார் அந்த ஸ்குவாட்ரனின் நிர்மல் ஜித் சிங் செகோன். திரும்பி வரவில்லை. பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர். அவருக்கு அங்கே 5 சதவீதம் கட்டி இன்னொரு தடவை பறக்கும் வசதி இல்லை.

நமக்கு இருக்கிறது. தோற்பது இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் இடம் வேறெங்கே? பரீட்சையில் தோற்றால் ஒரு வருடம். வேலையில் தோற்றால் வீட்டில் பேச்சு. இங்கே கொஞ்சம் காசு, மறுபடி புதுக் கப்பல். அப்படிப்பட்ட இடத்திலும் நாம் என்ன செய்கிறோம்? எந்தக் கப்பல் சிறந்தது, எந்தத் துப்பாக்கி சிறந்தது, யாராவது பட்டியல் போட்டுத் தந்தால் அப்படியே மாட்டிக்கொள்ளலாம் என்று அலைகிறோம். கோனார் உரை தேடிப் பழகிய கை இங்கேயும் அதைத்தான் தேடுகிறது. பாடத்தைப் படித்துவிட்டு உரையைப் புரட்டினால் உரை உதவும். உரையை மட்டும் படித்தால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டதும் பேனா நின்றுவிடும். எதிரியும் கேள்வியை மாற்றித்தான் கேட்பான்.

"விளையாட்டே ஜாலிக்குத்தான், இதிலும் பாடமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தானாகவே எதிரியைக் குறிபார்த்துத் திரும்பும் துப்பாக்கிகளும் உண்டு. புதியவர்கள் அவற்றையே மாட்டலாம், தப்பே இல்லை. ஆனால் எதிரி உங்கள் முன்னால் இருந்தால்தான் அதுவும் குறிபார்க்கும். அவனை முன்னால் கொண்டுவருவது உங்கள் காலடிதான். தவிர, ஐந்து முறை காரணம் தெரியாமல் சாவதில் என்ன ஜாலி? ஆறாவது முறை ஏன் செத்தோம் என்று தெரிந்து சாகும்போதுதான் எனக்கு ஆட்டமே பிடிக்க ஆரம்பித்தது.

எட்டாவது நாள் துப்பாக்கியைத் திறந்தேன். பழைய சைட்வைண்டர், அதனுடன் வந்த சாதாரணத் துப்பாக்கிகள்தான். ஒரு கொள்ளைக்காரன் வந்தான். வேகத்தை நீலத்தில் வைத்துத் திரும்பினேன். அவன் என்னைத் தாண்டிப் போனான். முதல் நாள் நான் செய்த அதே தப்பு! அவன் திரும்புவதற்குள் பின்னால் போய் ஒட்டிக்கொண்டேன். வெடித்தது அவன் கப்பல்.

அன்றைக்கு அந்த மாமாவின் ஞாபகம் வந்தது. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, விட்ட காலடியைத் திரும்பச் சொல்லித் தருவாரா என்று கேட்க வேண்டும்.

பி.கு: கையில் எப்போதும் அந்த 5 சதவீதக் காசை மிச்சம் வைத்திருங்கள். அது இல்லாமல் சண்டைக்குப் போவது வீரம் இல்லை, முட்டாள்தனம். ஓடத் தெரிந்திருப்பதும் காலடியில் ஒரு பாடம்தான். பெரிய கப்பல் பக்கத்தில் இருந்தால் அருகிலேயே தப்பிப் போக நேரமாகும். நேராக வேறு நட்சத்திரத்துக்குத் தாவிவிடுங்கள், அதை அவனால் தாமதப்படுத்த முடியாது.