சொட்டு மருந்துக்குப் பின்னும் பேதி ஏன்?

குழந்தைகளுக்கு உண்டாகும் கடும் வயிற்றுப்போக்கு தனி ஒரு நோய் அன்று. பல நோய்கள் தம்மை வெளிப்படுத்தும் பொது அடையாளமே அது. இவ்வுண்மை ஆராய்ச்சிச் சாலைகளில் நன்கு நிலைபெற்றுவிட்டது. ஆயினும், தாய்மார்கள் பலரிடம் அது இன்னும் சென்று சேரவில்லை. அதனால் விளையும் தீங்கு சிறிதன்று.

தடுப்பு மருந்து கொடுக்கும் இடத்திலேயே அத்தீங்கு தொடங்குகிறது. “இந்தச் சொட்டு மருந்தைக் கொடுத்தால் குழந்தைக்குப் பேதி வராது” என்று ஊழியர் ஒருவர் நல்லெண்ணத்துடன் கூறிவிடுகிறார். 6, 10, 14 ஆவது வாரங்களில் மூன்று தவணைகளும் முறையாக முடிகின்றன. சில மாதங்களில் அக்குழந்தைக்குப் பேதி காண்கிறது. தான் ஏமாற்றப்பட்டதாகத் தாய் எண்ணுகிறாள். அண்டை வீட்டாரிடமும் அவ்வாறே சொல்கிறாள். பின்னர்த் தட்டம்மை ஊசிக்கு அழைக்கும்போது அத்தெருவில் வருவோர் தொகை குறைகிறது. மிகையாகச் சொன்ன ஒரு சொல், சொல்லப்படாத வேறு மருந்துகளின் மதிப்பையும் கெடுத்துவிடுகிறது.

இதனைத் தவிர்க்கும் வழி, நோய்க் காரணங்களைப் பற்றி ஆராய்ச்சி கண்டதை உள்ளவாறே எடுத்துரைப்பதாகும். குழந்தைப் பேதிகளுள் பெரும்பாலானவற்றின் காரணம் நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. 1973 இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும், நோயுற்ற குழந்தைகளின் சிறுகுடலிலிருந்து எடுத்த திசுத் துணுக்குகளை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் கீழ் ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத ஒரு வைரஸைக் கண்டனர். சக்கரம் போன்ற தோற்றமுடைய அது, பின்னர் ‘ரோட்டா வைரஸ்’ எனப் பெயர் பெற்றது. இந்தியாவில் 2005 இல் தொடங்கிய மருத்துவமனைக் கண்காணிப்பு, பேதியால் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தினரிடம் இவ்வைரஸ் இருந்ததைக் காட்டியது.

ஆனால் ரோட்டா வைரஸ் ஒன்றே காரணம் அன்று. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் ஏழு நாடுகளில், கொல்கத்தாவையும் உட்படுத்தி நடந்த பெரும் ஆராய்ச்சியின் முடிவுகள் 2013 இல் வெளிவந்தன. பேதியுற்ற 9,439 குழந்தைகளையும், அந்நோயற்ற 13,129 குழந்தைகளையும் ஒப்பிட்டு நோக்கிய அவ்வாராய்ச்சி, ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம், ஷிகெல்லா, நச்சு சுரக்கும் ஒருவகை ஈ. கோலி ஆகிய நான்கும் முதன்மையான காரணங்கள் என்று கண்டது. இவற்றுள் முதலாவது வைரஸ். இரண்டாவது ஓரணு உயிர். ஏனைய இரண்டும் பாக்டீரியாக்கள். நோயற்ற குழந்தைகள் பலரின் மலத்திலும் கிருமிகள் காணப்பட்டன. ஆதலால் மலத்தில் ஒரு கிருமி தென்பட்ட அளவிலேயே அதுவே காரணம் என முடிவு கட்டலாகாது.

இனி, மருந்தின் ஆற்றலை நோக்குதல் வேண்டும். 1980களில் டில்லியில் பிறந்த சில சிசுக்களிடம், நோய் எதனையும் விளைவிக்காத ஒரு ரோட்டா வைரஸ் வகையை அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் எம். கே. பான் குழுவினர் கண்டறிந்தனர். 116ஈ எனப்படும் அவ்வகையிலிருந்து உருவானதே ரோட்டாவாக் மருந்து. டில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் நடத்திய சோதனையில், ரோட்டா வைரஸால் வரும் கடும் பேதியில் பாதிக்குச் சற்று மேற்பட்டதை அது தடுத்தது. 2016 இல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்துத் திட்டம் 2019 இல் நாடு முழுவதும் பரவியது.

தோராயமான ஒரு கணக்கு இங்கே பயன் தரும். மருத்துவமனை சேரும் கடும் பேதிகள் நூறு எனின், அவற்றுள் நாற்பது ரோட்டா வைரஸால் வருவன. அந்நாற்பதில் இருபது அல்லது சற்று மேற்பட்டவை தடுக்கப்படும். எஞ்சியவை ஏறத்தாழ எண்பது. இருபது குழந்தைகளை மருத்துவமனைக்குப் போகாமல் காத்தல் அரிய நன்மை என்பதில் ஐயமில்லை. எனினும் எண்பதை மறைத்து இருபதைப் பேசுவது உண்மையாகாது.

பாதியளவே பயன் தரும் மருந்து எதற்கு என வினவுவோர் உளர். இயற்கையே இந்நோயில் முழுக் காப்பு அளிப்பதில்லை என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். வேலூரில் 373 குழந்தைகளைப் பிறப்பு முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், மும்முறை தொற்று ஏற்பட்ட பின்னரும் மிதமான, கடும் நோய்களுக்கு எதிரான காப்பு 79 சதவீதமாகவே இருந்தது. இனி, தூய குடிநீர் இருந்தால் மருந்து வேண்டுவதில்லை என்பாரும் உளர். நல்ல குடிநீரும் கழிவுநீர் வசதியும் நிறைந்த செல்வ நாடுகளிலும், தடுப்பு மருந்து வருமுன் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ரோட்டா வைரஸ் தொற்றியது. தூய்மை பிற கிருமிகள் பலவற்றைத் தடுக்கும். இதனைத் தடுக்க மருந்தும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

காரணங்கள் பல என்பதை உணர்ந்தால் சிகிச்சையும் தெளிவாகும். வைரஸால் வரும் பேதிக்கு ஆண்டிபயாட்டிக் மருந்தால் பயனில்லை. இரத்தம் கலந்த பேதி, காலரா போன்றவற்றில் மருத்துவர் கூறும்போதே அது உரியது. ஆனால் எக்காரணத்தால் வந்த பேதியாயினும் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பே. ஆதலால் கிருமியின் பெயர் தெரியும்வரை காத்திராமல், ஒரு லிட்டர் தூய நீரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டுதல் வேண்டும். 14 நாட்கள் துத்தநாக மாத்திரை கொடுத்தலும் அவசியம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதக் குழந்தைக்கு 10 மில்லிகிராம். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது. கண் குழிதல், சோர்ந்து மயங்குதல், குடிக்க இயலாமை, மலத்தில் இரத்தம் ஆகியவை காணின் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

எனவே ஊழியர் கூறத்தக்க சொல் இதுவே: “இம்மருந்து, பேதிக்குரிய காரணங்களுள் மிகக் கொடிய ஒன்றின் வேகத்தைக் குறைக்கும். மற்றவை வரக்கூடும், வந்தால் செய்ய வேண்டியது இது.” இவ்வாறு சொல்லி, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் அன்றே தாயின் கையில் கொடுத்தால், பின்னர்ப் பேதி வரும்போது அவள் நம்பிக்கை இழக்க மாட்டாள். பொட்டலத்தைத் தேடி எடுப்பாள். வகுப்பறையில் இக்கணக்கை விளக்கும் ஆசிரியரும், மாணவர் வழியே இதே செய்தியை வீடுகளுக்கு அனுப்பியவராவார். உண்மையை அளவோடு சொல்வதால் தடுப்பு மருந்துக்குக் குறைவு நேராது, மிகைப்படுத்துவதாலேயே நேரும்.