நூறு தண்டாலும் ஒரு தந்தையின் கேள்வியும்



அண்மையில் பெற்றோர் சந்திப்பு நாளன்று, ஈஜோக் வட்டாரத் தோட்டமொன்றில் செம்பனைக் குலை வெட்டும் தந்தை ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், பையன் ரெண்டு வாரமா தினமும் நூறு தண்டால் எடுக்கிறான். கை பெருசாகுமாம். செய்யட்டுமா, நிறுத்தச் சொல்லட்டுமா?"

மகன் ஐந்தாம் ஆண்டு மாணவன். கைப்பேசியில் கண்ட உடற்கட்டழகர்களைப் போல ஆகவேண்டும் என்பது அவன் ஆசை. அவ்வாரம் அவன் கட்டுரை பாதியிலேயே நின்றுபோனதற்குக் கைவலியே காரணம் என்பது எனக்கு அப்பொழுதுதான் விளங்கியது.

ஒரே பயிற்சியை அடிக்கடி செய்வது தவறா? தவறன்று என்பதே என் கருத்து. பளுதூக்கும் போட்டியில் உள்ளவை ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் எனும் இரண்டே தூக்குமுறைகள். காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளில் 2014-இலும் 2018-இலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற வேலூர்த் தமிழர் சதீஷ் சிவலிங்கம் போன்றோர், அவ்விரண்டையும் அவற்றுக்குத் துணையான பயிற்சிகளையும் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பழகியவர்கள். பல்கேரியப் பயிற்றுநர் இவான் அபஜியெவ், சில தூக்குமுறைகளையே நாள்தோறும் உச்ச எடையில் செய்யவைத்து உலக வெற்றியாளர்களை உருவாக்கினார். ஆனால், 1988 சியோல் ஒலிம்பிக்கில் பல்கேரிய வீரர் இருவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் அந்த அணியே போட்டியிலிருந்து விலகியதையும் மறத்தலாகாது. வெற்றியாளர் செய்வதெல்லாம் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது.

பயிற்சிக்குப் பிந்திய ஓரிரு நாள்களில்தான் தசை தன்னைச் சீர்செய்துகொண்டு வலுப்பெறுகிறது. பெரியவர்களுக்கு, ஒரு வாரத்தில் செய்யும் பயிற்சியின் மொத்த அளவே தசை வளர்ச்சியில் முதன்மையானது. அதனை எத்தனை நாள்களாகப் பகிர்கிறோம் என்பது அடுத்ததே. பருவமடையாத பிள்ளைகளின் நிலை வேறு. பயிற்சியால் அவர்களின் வலிமை கூடும். ஆனால் தசை அவ்வளவாகப் பருக்காது. இருக்கின்ற தசையைத் திறம்பட இயக்க மூளையும் நரம்பும் கற்றுக்கொள்வதால் வரும் வலிமை அது. ஆகவே, இது கையெழுத்துப் பயிற்சியைப் போன்றது. நாள்தோறும் அரைப் பக்கம் எழுதினால் எழுத்து திருந்தும். ஒரே நாளில் இருபது பக்கம் எழுதினால் கைதான் வலிக்கும்.

பள்ளியில் நாம் என்ன செய்கிறோம்? செகாக் உடல்திறன் சோதனைக்கு முந்திய வாரம் மட்டும் தண்டால் எடுக்க வைக்கிறோம். தேர்வு நெருங்கினால் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்திற்குக் கடன் கொடுக்கிறோம். போதாக்குறைக்கு, தண்டாலையும் தோப்புக்கரணத்தையும் தண்டனையாக்குகிறோம்.

நானும் அக்குற்றத்தைச் செய்தவன்தான். பல ஆண்டுகளுக்கு முன், வீட்டுப்பாடம் செய்யாத மாணவன் ஒருவனை நூறு தோப்புக்கரணம் போடச் செய்தேன். மறுநாள் அவன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்ததைக் கண்டேன். பழக்கமில்லாத உடல் திடீரென அளவுமீறி உழைத்தால், தசை சிதைந்து சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும் என்பதைப் பின்னரே படித்தறிந்தேன். அத்தகைய உழைப்புக்குப் பின் கடும் வலியோடு சிறுநீரும் கருநிறமாக மாறினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அன்றோடு அத்தண்டனையைக் கைவிட்டேன். தண்டனையாக அறிமுகமான பயிற்சியைப் பிள்ளை எவ்வாறு விரும்பும்?

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடலை இயக்கவேண்டும் என்றும், தசையையும் எலும்பையும் வலுவாக்கும் செயல்கள் வாரத்தில் குறைந்தது 3 நாள்கள் வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. உடற்கல்விப் பாடவேளைகளை உரிய முறையில் நடத்தி, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடத்தை இதற்கென ஒதுக்கினாலே பள்ளியின் பங்கில் ஒரு பகுதி நிறைவேறும். எஞ்சியதற்கு வீட்டின் துணை வேண்டும்.

அத்தந்தையிடம், "நிறுத்தச் சொல்லாதீர்கள், குறைக்கச் சொல்லுங்கள்" என்றேன். வலி நீங்கும்வரை ஓய்வு. பின்னர் ஒருநாள் விட்டு ஒருநாள், பத்துப் பத்தாக இரண்டு சுற்று. இடுப்பு தொய்ந்தால் அத்தோடு நிறுத்தம். மற்ற நாள்களில் பந்து விளையாடட்டும். முட்டை, பருப்பு, நல்ல உறக்கம் ஆகியவையும் தேவை.

அவர் சிரித்தார். "குலை வெட்டப் போன முதல் மாசம் எனக்கும் கையைத் தூக்க முடியல சார். பழகப் பழகத்தான் வந்துச்சு" என்றார்.

"இதையே மகனிடம் சொல்லுங்கள், நான் சொல்வதைவிட நன்றாகக் கேட்பான்" என்றேன்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, உங்கள் கருத்து என்ன? சிந்திப்போம், செயல்படுவோம்.