பிரம்பு யாரைத் திருத்தியது?

வாத்தியாரிடமிருந்து பிரம்பைப் பிடுங்கியதால்தான் பையன்கள் கூல் லிப் புகையிலை போடுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள் என்கிறார்கள்.

ஒன்று: பிரம்பு கோலோச்சிய காலத்தில்தான் கோவில்பட்டிக் கரிசல் கிராமங்களில் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து பிள்ளைகளை வேலைக்கு அள்ளிப்போனது. தடுத்ததா பிரம்பு? பசித்த பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைத்தது, 1956இல் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிய மதிய உணவு.

இரண்டு: கீழுதட்டுக்குள் ஒதுக்கிய சிறு பொட்டலம் பிரம்புக்குத் தெரியுமா? அடிக்குப் பயந்தவன் வாய் வெந்து புண்ணானாலும் வாத்தியாரிடம் காட்டமாட்டான். ஆரம்பத்திலேயே தடுக்கும் வாய்ப்பு அங்கேயே போய்விடுகிறது.

மூன்று: பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாதென்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். விற்றவரை விட்டுவிட்டு வாங்கியவனை அடிப்பது என்ன நியாயம்?

பெற்றோர்களே, பிரம்பைக் கேட்காதீர்கள். பள்ளி வாசல் கடைமீது புகார் எழுதுங்கள்.