பாட்டுக்கும் வாடகையா?

சென்ற பருவ விடுமுறையில் ஈப்போவுக்குப் பேருந்து ஏறினேன். கைத்தொலைபேசியில் இறக்கி வைத்திருந்த நானூறு பாடல்களில் ஒன்றுகூட ஒலிக்கவில்லை. அந்த மாதச் சந்தாவை நான் கட்டவில்லை, அவ்வளவுதான்! வீட்டிலோ, 2006-இல் வெளிவந்த யோகி பி & நட்சத்திராவின் ‘வல்லவன்’ குறுந்தட்டு அப்பாவின் பழைய காரில் வழக்கம்போல் முழங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரே ஒரு முறை பணம் கொடுத்து வாங்கியது அது.

மாதம் 15 ரிங்கிட் என்றே வைத்துக்கொள்வோம். நான்காண்டுப் படிப்பு முடிவதற்குள் 720 ரிங்கிட் ஆகிவிடும். சந்தாவை நிறுத்தினால் பட்டம் கையில் இருக்கும், பாட்டு இருக்காது.

வாடகையே கூடாது என்று சொல்ல வரவில்லை. கல்விக் கடனில் காலந்தள்ளும் நம்மால் ஆயிரம் பாடல்களை விலைக்கு வாங்க இயலுமா? புதியவற்றைத் தேடிக் கேட்க வாடகையே நல்லது. ஆனால், உரிம ஒப்பந்தம் முடிந்தால் பாடல்களும் போய்விடும். 2023 மார்ச்சில் ஸீ மியூசிக்கின் இந்திப் பாடல்கள் பல ஸ்பாட்டிஃபையிலிருந்து அப்படித்தான் நீக்கப்பட்டன. கோடிக்கணக்கானோர் கேட்கும் இந்திப் பாடல்களுக்கே இந்த நிலை என்றால், நம் நாட்டுத் தமிழ்க் கலைஞர்களின் பாடல்களை யார் காப்பது?

நாம்தான், நண்பர்களே! ஐடியூன்ஸ் கடையில் 2009 முதல் பாடல்கள் பூட்டில்லாமலே விற்கப்படுகின்றன. கேட்டுப் பார்க்க வாடகைக்கு எடுப்போம். மனத்தில் நின்ற மலேசியத் தமிழ்ப் பாடலை, மாதம் ஒன்றாவது விலைக்கு வாங்கி, மடிக்கணினியில் ஒரு நகலும் வைப்போம். அண்ணன் வாங்கிய குறுந்தட்டை இன்று நான் கேட்கிறேன். என் தம்பி தங்கைகளுக்கு நான் எதைக் கொடுப்பேன்?