உடைந்தால் எறிவதா?

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகன், கீரிமலைக் கேணியில் நீராடிவிட்டுத் தன் கார்பன் சைக்கிளில் திரும்புகையில் சறுக்கி விழுந்தான். அவனுக்குச் சிறு சிராய்ப்பு. சைக்கிளின் மேற்குழாயிலோ விரல் நீள வெடிப்பு.

"மாமா, இது கார்பன். வெடிச்சால் எறியிறதுதான்" என்றான்.

அந்தச் சொல் எனக்கு உறைத்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின், எரிபொருள் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தைச் சுமந்தது சைக்கிள்தான். நோயாளியும் விறகும் அதில்தான் போயின. அதன் டைனமோவைச் சுழற்றியே வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது வீட்டின் மிச்சத்தைச் சுமந்ததும் அதுவே. இரும்புப் பிறேம் முறிந்தால் பித்தளை உருக்கி ஒட்டினோம், எவரும் எறியவில்லை.

கார்பனையும் எறிய வேண்டியதில்லை என்பதே உண்மை. பழுதுபட்ட இழைகளைச் சுற்றிலும் சரிவாகத் தேய்த்து நீக்கி, புதிய கார்பன் துணியை எப்பொக்சிப் பசையில் தோய்த்து, முன்பிருந்த இழைகளின் திசையறிந்து அடுக்கடுக்காகச் சுற்றி, இறுக்கி, வெப்பத்தில் உலர்த்துவார்கள். ஒட்டியபின் மீண்டும் வெப்பப் பதப்படுத்தல் கேட்கும் அலுமினியத்தைவிட இது இலகுவானது. மாறாக, எறிந்த கார்பனை இரும்புபோல உருக்கி மறுபடி வார்க்க முடியாது.

எங்கள் வடகரையில் பைபர் படகுகளைக் கண்ணாடியிழைத் துணியும் பசையும் கொண்டு திருத்துவோர் இருக்கிறார்கள். அடிப்படை ஒன்றே. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. படகு ஒழுகி எச்சரிக்கும். கார்பனோ மேலே கீறலாகவும் உள்ளே அடுக்குப் பிரிந்தும் இருந்து, ஓடுகையில் திடீரென முறியக்கூடும். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் மந்தமான ஒலி பிரிவைக் காட்டிக்கொடுக்கலாம். நிச்சயமாக அறியக் கேளா ஒலிச் சோதனை வேண்டும். கைப்பழக்கம் மட்டும் போதாது, கற்கவும் வேண்டும். படகு திருத்தும் கைகளுக்கு அந்தக் கல்வியை எங்கள் தொழில்நுட்பக் கல்லூரிகள் கொடுக்கலாமே! திருத்தத் தெரியாத பொருளுக்கு நாம் சொந்தக்காரர் அல்லர், வெறும் வாடிக்கையாளரே.

மருமகன் பிறேமைப் பொதிசெய்து கனடாவுக்கே எடுத்துச் சென்றான், அங்கே திருத்துவதற்காக. மிச்ச விடுமுறையை என் பழைய ராலியில் கழித்தான். அதன் பிறேமில் இரண்டு ஒட்டுகள் உண்டு.