வேண்டாத மின்னோட்டமும் வேண்டிய பொறுப்பும்

‘தன் முதுகு தனக்குத் தெரியாது’ என்பார்கள் நம் பெரியோர். அமெச்சூர் ரேடியோ என்னும் பயனுள்ள பொழுதுபோக்கில் ஈடுபடுவோருக்கு இப்பழமொழி மிகவும் பொருந்தும். அரசாங்கத் தேர்வெழுதி, உரிமம் பெற்று, மொட்டை மாடியில் கம்பி கட்டி, கடல் கடந்த நாட்டவரோடு உரையாடி மகிழும் இவர்களை ‘ஹாம்’ என்று அழைக்கிறோம். தம் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்பதில் இவர்களுக்கு உள்ள அக்கறை, அதே குரல் பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் கரகரவென்று ஒலிப்பதில் பல சமயம் இருப்பதில்லை. அயலார் குறை கூறினால், “உங்கள் பெட்டிதான் மட்டம்” என்று சொல்லிவிடுவோரும் உண்டு. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் அப்படிச் சொல்லுமுன், தம் ஆன்டெனாவிலிருந்து இறங்கி வரும் கேபிளை ஒரு முறை சோதிப்பதே முறை என்பது என் கருத்து.

இதன் காரணத்தைச் சற்று விளக்குகிறேன். 40 மீட்டர் அலைவரிசைக்கான எளிய ஆன்டெனா ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுமார் 20 மீட்டர் நீளமுள்ள கம்பியை நடுவில் வெட்டி, இரு பாதிகளையும் இருபுறமும் இழுத்துக் கட்டுகிறோம். நடுவிலிருந்து கோஆக்சியல் கேபிள் ஒன்று அறைக்குள் வருகிறது. அதனுள் ஒரு நடுக்கம்பி. அதைச் சுற்றிச் செம்புப் பின்னல். ஆக இரண்டே பாதைகள் என்றுதான் நாம் எண்ணுவோம். பௌதிகமோ மூன்று என்கிறது! வானொலி அதிர்வுள்ள மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். 7 மெகாஹெர்ட்ஸில் அது செம்புக்குள் இறங்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் 40-இல் ஒரு பங்குதான். எனவே பின்னலின் உட்புறம் ஒரு பாதை. அதன் வெளிப்புறம் முற்றிலும் வேறொரு பாதை.

உட்புறமாக மேலே வந்த மின்னோட்டம் ஆன்டெனாவின் நடுவை அடைந்ததும் இரு கிளைகளைக் காண்கிறது. ஒன்று நாம் கட்டிய கம்பி. மற்றொன்று பின்னலின் வெளிப்புறம். ஒரு பகுதி கம்பிக்குப் போகிறது. மறு பகுதி கேபிளின் வெளிப்புறமாகவே வீட்டை நோக்கித் திரும்புகிறது. அந்நேரம் முதல், நாம் வெறும் கேபிள் என்று எண்ணியது மற்றுமோர் ஆன்டெனாவாகி விடுகிறது. கம்பியை நடுவில் அல்லாமல் ஓரமாகவோ முனையிலோ இணைத்தால் இத்தொல்லை இன்னும் மிகும்.

விளைவுகள் யாவை? மைக்கைத் தொட்டால் உதட்டில் சுரீரென்று குத்தும். அண்டை வீட்டுச் சாதனங்கள் குழம்பும். இவற்றினும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. வெளியே போகும் பாதை உள்ளே வரவும் உதவும் அல்லவா? எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், கம்ப்யூட்டர் ஆகியவை எழுப்பும் இரைச்சலை அதே கேபிள் ஏந்தி ரிசீவருக்குக் கொண்டு வருகிறது. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் நல்ல அளவைக் காட்டுகிறதே என்று நிம்மதி கொள்ளவும் இயலாது; அந்த மீட்டர் இந்த வெளிப்புற ஓட்டத்தை அளப்பதில்லை.

மெல்லிய குரலைக் கேட்கும் திறன் எத்துணை அவசியம் என்பதை 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நமக்குக் கற்பித்தது. சுனாமி அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, அமெச்சூர் ஒலிபரப்புக்காகப் போர்ட் பிளேயர் சென்றிருந்த திருமதி பாரதி பிரசாத் தம் ரேடியோ வழியே அங்குள்ளோரின் செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார். அப்படிப்பட்ட வேளையில் நம்மை நோக்கி வரும் குரல், நம் வீட்டு விளக்கின் இரைச்சலில் மூழ்கிப் போகலாமா?

“சக்தியைக் கூட்டினால் போயிற்று” என்பார் சிலர். 100 வாட்டை 200 வாட்டாக்கினாலும் எதிர்முனையில் கேட்பவரின் மீட்டரில் ஏறுவது அரை ‘எஸ்’ அளவே. நம் காதில் விழும் இரைச்சலோ சிறிதும் குறையாது. அயலாருக்குத் தொல்லைதான் இரட்டிக்கும். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் மேலும் மேலும் நீர் ஊற்றுவதால் என்ன பயன்?

ஓட்டையை அடைக்கும் வழி எளியது. 1944-இல் குவானெல்லா என்னும் பொறியாளர், இரட்டைக் கம்பிகளைச் சுருளாகச் சுற்றி இதற்கு வழி காட்டினார். 1983-இல் வால்டர் மாக்ஸ்வெல் என்னும் அமெரிக்க அமெச்சூர், கேபிளின் மேல் பெரைட் மணிகளை வரிசையாகக் கோக்கும் முறையை விளக்கி எழுதினார். இன்று பலரும் பெரைட் வளையத்தில் கேபிளையே பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றுகிறார்கள். இதற்குச் ‘சோக்’ என்று பெயர். கேபிளினுள் போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் சமமாகவும் எதிராகவும் இருப்பதால், அவற்றின் காந்தப்புலங்கள் வெளியே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே பெரைட் அவற்றைத் தடுப்பதில்லை. தனியே ஓடும் வெளிப்புற ஓட்டத்துக்கோ பெரும் தடை ஏற்படும். நல்லதை விட்டுத் தீயதை மட்டும் தடுக்கும் அருமையான வாயிற்காவலன் இது!

ஆனால் ஒரு வளையத்தைக் கேபிளில் வெறுமனே மாட்டிவிட்டால் போதாது. சுற்றுகளை இரட்டித்தால் தடை, ஒரு வரம்பு வரை, ஏறக்குறைய நான்கு மடங்காகும். சில ஆயிரம் ஓம் தடையாவது வேண்டும். அந்தந்த அலைவரிசைக்கு ஏற்ற பெரைட்டாகவும் இருக்க வேண்டும். சோக்கை ஆன்டெனாவின் நடுவிலேயே வைத்து, கேபிளை இரு கைகளுக்கும் செங்குத்தாகக் கீழே இறக்குவது நலம். கேபிள் வீட்டில் நுழையுமிடத்தில் இன்னொன்று வைத்தால் மேலும் நன்மை. இடி மின்னலுக்கான எர்த் இணைப்பு வேறு. சோக் அதற்கு ஈடாகாது என்பதையும் மறக்கலாகாது.

பள்ளிகளில் ரேடியோ மன்றம் தொடங்குவோர், வினா விடைகளை மனப்பாடம் செய்விப்பதோடு நின்றுவிடக் கூடாது. மாணவியர் கையில் முதலில் ஒரு வளையத்தையும் ஒரு துண்டுக் கேபிளையும் கொடுக்க வேண்டும். பௌதிக ஏட்டில் படித்த காந்தப்புலம் அப்போது அவர்கள் விரல்களுக்கும் விளங்கும். அத்துடன், தமது உபகரணத்தால் பிறருக்கு இடையூறு நேராமல் காப்பது விஞ்ஞானம் பயில்வோரின் முதற்கடமை என்பதும் புரியும்.

பெற்றோரே, உங்கள் மகள் மாடியில் கம்பி கட்ட அனுமதி கேட்டால் தயங்காமல் கொடுங்கள். “சோக் சுற்றிவிட்டாயா?” என்று மட்டும் மறவாமல் கேளுங்கள். அருமை மாணவியரே, உலகத்தோடு பேச விரும்பும் நீங்கள், அடுத்த வீட்டாரின் அமைதியையும் காத்து நில்லுங்கள்!